பெயர் தவறிய மீன்: காவிரியின் இன்னொரு வரலாறு

காவிரியின் வரலாறு பெரும்பாலும் டி.எம்.சி. கணக்கிலேயே எழுதப்படுகிறது. 1892, 1924 ஒப்பந்தங்கள், 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை, 2007ஆம் ஆண்டு நடுவர் மன்றத் தீர்ப்பு என அது நீள்கிறது. அந்நீரில் வாழும் உயிர்களுக்கு இவ்வரலாற்றில் இடமில்லை. கூன்முதுகு மஹ்சீர் அவற்றுள் ஒன்று.

தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் காவிரியின் வடிநிலத்துக்கே உரிய மீன் இது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஆழ்ந்த மடுக்களும் பாறைகளுக்கிடையே விரையும் நீரும் இதன் வாழிடம். 1946இல் கபினியில் தூண்டிலில் சிக்கிய மஹ்சீர் ஒன்று 120 பவுண்டு எடை கொண்டிருந்தது.

இத்துணைப் பெரிய மீனுக்கு நெடுங்காலம் சரியான அறிவியற்பெயர் வாய்க்கவில்லை. 1839இல் சைக்ஸ் கிருஷ்ணா வடிநிலத்திலிருந்து விவரித்த வேறொரு மீனின் பெயரான 'முசுல்லா' இதன்மேல் ஏற்றப்பட்டிருந்தது. 2007இல் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து 'டோர் ரெமாதேவி' என்னும் இனம் விவரிக்கப்பட்டது. பாம்பாறும் காவிரி வடிநிலத்தைச் சேர்ந்ததே. கூன்முதுகு மஹ்சீரும் இவ்வினமும் ஒன்றே என்பதை 2018இல் வெளியான ஆய்வு நிறுவியது.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. 1970களிலிருந்து, லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. மீன்வளத்தைக் காப்பதே அதன் நோக்கம். 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் பதிவுகளை ஆராய்ந்தபோது, மஹ்சீர்களின் மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் கூடியவை வந்தேறிய நீலத்துடுப்புகளே, கூன்முதுகு மீன்கள் அருகிவிட்டன. 'மஹ்சீர்' என்னும் ஒற்றைச் சொல் ஒன்றன் பெருக்கத்தையும் மற்றதன் அழிவையும் ஒருசேர மூடியிருந்தது. அணைகளால் மாறிய நீரோட்டம், மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன்பிடித்தல் ஆகியவையும் இம்மீனுக்குக் கேடாயின.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி நீரின் பங்கீட்டைத் திருத்தியது. அதே ஆண்டில்தான் இம்மீனுக்கு உரிய பெயர் உறுதியாயிற்று. பெயர் உறுதியானதும் 'மிக அருகிய இனம்' எனச் செம்பட்டியலிலும் சேர்ந்தது. நடுவர் மன்றம் கணக்கிட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கப்பட்டது 10 டி.எம்.சி. மட்டுமே. அந்நீர் எம்மடுவில், எப்பருவத்தில் ஓடவேண்டும் என்னும் கேள்வியை, இம்மீனின் பெயரைச் சொல்லியே இனிக் கேட்க முடியும்.