சொல்லாமல் அணையும் கணினி: ஒரு சின்ன வரலாறு

கேம் ஓடிக்கொண்டிருக்கும். ஃபேன் இரைந்துகொண்டிருக்கும். சட்டென்று திரை கறுப்பு. நீலத்திரை கிடையாது, பிழைச்செய்தி கிடையாது, விண்டோஸ் மூடுவதற்கான எந்த அறிகுறியும் கிடையாது. பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி எழுந்துகொள்ளும். கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் நிறையப் பேருக்கு இது பழகிய கதை.

ஈவன்ட் வியூவரைத் திறந்து பார்த்தால் கர்னல்-பவர் 41 என்று ஒரு வரி இருக்கும். இதுதான் காரணம் என்று நினைத்து அந்த எண்ணைத் தேடி நாள்கணக்கில் அலைபவர்கள் உண்டு. ஆனால் அந்த வரி, லேப்டாப் அணைந்தபோது எழுதப்பட்டதே இல்லை. அடுத்த முறை விண்டோஸ் எழும்போது, "போன தடவை முறையாக மூடவில்லை போலிருக்கே" என்று தானாகக் கண்டுபிடித்து எழுதிக்கொள்வது. பட்டனை நான்கு நொடி அழுத்திப் பிடித்து நீங்களே அணைத்தாலும் இதே 41தான். சார்ஜர் கழன்று செத்த பேட்டரியோடு நின்றுபோனாலும் அதே 41.

நீலத்திரை வந்தால் விஷயம் வேறு. அது மென்பொருள் எடுத்த முடிவு, ஏன் விழுந்தேன் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் விழும். மௌனமாக அணைவது மென்பொருளுக்கே தெரியாமல் நடக்கிறது. மின்சாரத்தை யாரோ துண்டிக்கிறார்கள். அந்த 'யாரோ' எங்கிருந்து வந்தார் என்று தேடிப்போனால், அது கணினியின் வயதோடு ஒட்டிய கதையாக இருக்கிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1945 இறுதியில் ஓடத் தொடங்கிய எனியாக்கிலேயே இது இருந்தது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள், சுமார் 150 கிலோவாட் மின்சாரம். அத்தனையும் கடைசியில் வெப்பம்தான். ஆகவே பலகைகளில் தெர்மோஸ்டாட் வைத்தார்கள். 115 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 46 செல்சியஸைத் தாண்டினால் மின்சாரம் துண்டிக்கப்படும். எனியாக் அப்போது எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது என்பது தெர்மோஸ்டாட்டுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. குழாய்கள் அதிகமாகச் செத்தது ஓடும்போது அல்ல, சூடேறும்போதும் ஆறும்போதும்தான். அதனால் இயந்திரத்தை அணைக்காமலே வைத்திருக்கப் பழகினார்கள். காப்பாற்றுவதற்காக அணைத்தால், அணைத்ததாலேயே நாலு குழாய் போகும். சூட்டிலும் ஆறலிலும் உலோகம் விரிந்து சுருங்கும் இந்தத் தொல்லை அறுபது வருஷம் கழித்தும் விடவில்லை. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப்களுக்கான தன் கிராஃபிக்ஸ் சிப்கள் சிலவற்றின் பொதிவுப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கிவைத்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கு அடியில் இருந்த ஈயப் பொட்டுகள் விரிசல் விட்டன. அப்படிச் செத்த லேப்டாப்களின் கதை தனியாக எழுத வேண்டிய ஒன்று. இங்கே நமக்கு வேண்டியது சாகாமல் அணைபவை.

எனியாக்குக்குப் பிறகு நீண்ட காலம் மேசைக்கணினிகளுக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. சிப்கள் அவ்வளவு சூடாகவில்லை, அவ்வளவுதான். 1993ல் வந்த முதல் பென்டியம் 15 வாட் அளவுக்குப் போனபோதே அது அடுப்பு என்று கிண்டல் செய்தார்கள். இன்றைய கேமிங் லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப் மட்டுமே 100 வாட்டைத் தாண்டுகிறது.

தொண்ணூறுகளின் பென்டியம் புரோ, பென்டியம் 2 காலத்தில்தான் நம் கதைக்கு முக்கியமான ஒரு கம்பி வருகிறது. இன்டெல் அதற்கு வைத்த பெயர் தெர்ம்ட்ரிப். ப்ராசஸருக்குள்ளேயே ஒரு வெப்ப உணரி. சிப்பின் சூடு சுமார் 135 டிகிரியைத் தொட்டால் ப்ராசஸர் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அந்தக் கம்பியில் சமிக்ஞை கொடுக்கும். பிறகு வந்த தலைமுறைகளில் அந்தச் சமிக்ஞையைப் பார்த்ததும் போர்டு மின்சாரத்தையே வெட்டிவிடும். விண்டோஸிடம் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது, அந்தச் சூட்டில் மென்பொருள் தொங்கிப்போயிருக்கலாம், தொங்கிய மென்பொருளிடம் அனுமதி கேட்டு நிற்க நேரமில்லை. பாதுகாப்பு நம்பகமாக இருக்க வேண்டுமென்றால் அது மென்பொருளைச் சாராமல் இருக்க வேண்டும். சாராமல் இருப்பதால்தான் எதுவும் பதிவாவதில்லை. மௌனம் அந்த வடிவமைப்போடு சேர்ந்தே வந்தது.

இந்தக் கம்பி ஏன் வேண்டும் என்பதை உலகத்துக்குக் காட்டியது 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தில் தாமஸ் பாப்ஸ்ட் வெளியிட்ட ஒரு வீடியோ. குவேக் 3 கேமை ஓடவிட்டு, ஓடும்போதே ப்ராசஸரின் மேலிருக்கும் ஹீட்சிங்கைப் பிடுங்கினார்கள். பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. பென்டியம் 4 நிற்கவில்லை. கேம் நொண்டி நொண்டி ஓடியது, ஹீட்சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. ஏஎம்டியின் அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. அதைவிடச் சுவாரசியம், அன்று புதிதாக வந்திருந்த இன்னொரு அத்லானுக்குள் வெப்ப உணரி இருந்தது. அதுவும் செத்தது. உணரி சொன்னதைக் கேட்டு வெட்டும் வேகம் போர்டுக்கு இல்லை.

அந்த வீடியோவில் வேலை செய்துகொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட்சிங்கைப் பிடுங்குவது யதார்த்தமா என்று அன்றே சண்டை நடந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அது காட்டிய மூன்று வழிகளும் உண்மை: சாகலாம், நிற்கலாம், மெதுவாகலாம். அதற்குப் பின் வந்த லேப்டாப்கள் எல்லாம் மூன்றாவதையே முதல் வரிசைக் காவலாக வைத்துக்கொண்டன. சுமார் 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தெர்ம்ட்ரிப் கடைசி வரிசை.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. மெதுவாவது ஒழுங்காக வேலை செய்தால் லேப்டாப் சூட்டினால் அணையவே கூடாதே? பெரும்பாலும் அப்படித்தான். ஃபேன் நின்றுபோய், அல்லது ஹீட்சிங்கின் இடுக்கில் தூசி கம்பளம் மாதிரி படிந்து, மெதுவாகியும் தாங்காத நிலைக்குப் போனால்தான் ப்ராசஸர் சூட்டில் அணையும். அணைகிறது என்றாலே "தெர்மல் பேஸ்ட் மாற்றுங்க" என்று சொல்வது பாதி நேரம் தப்பான மருந்து. சில சமயம் குற்றவாளி காவல்காரனேகூட. 2006ல் வந்த முதல் மேக்புக்குகள் காரணமில்லாமல் அணைந்தன. பயனர்கள் அதற்கு 'ரேண்டம் ஷட்டவுன் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கழற்றிப் பார்த்தவர்கள் சொன்ன காரணம், சூடான ஹீட்சிங்க் வெப்ப உணரியின் ஒயரில் உரசி, உறை உருகி, ஷார்ட் ஆகிறது என்பது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வெளியிட்டது.

மீதிப் பாதி நேரம் எதிரி சூடு இல்லை, மின்னோட்டம். இதைப் பொதுமக்களுக்குப் புரியவைத்தது லேப்டாப் அல்ல, ஐபோன். 2016ல் ஐபோன் 6எஸ் சில, பேட்டரியில் சார்ஜ் நிறைய இருக்கும்போதே அணைந்தன. பேட்டரிக்கு வயதானால் உள் மின்தடை கூடும். ப்ராசஸர் ஒரு கணம் அதிகமாக இழுத்தால் அந்தத் தடையில் மின்னழுத்தம் சரியும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாய்தான் அடைத்திருக்கிறது. ஒரு குழாயைத் திறந்தால் வருகிறது, நாலையும் திறந்தால் ஒன்றிலும் வருவதில்லை.

2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 மூலம் ஆப்பிள் கண்டுபிடித்த தீர்வு நமக்குத் தெரிந்ததே: மெதுவாக்கு. பொறியியலாக அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் பயனரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல் மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டுக் காட்டிய பிறகுதான் விஷயம் வெடித்தது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29க்குக் குறைத்தது. பிரான்ஸில் 2020ல் 2.5 கோடி யூரோ அபராதம். ஒரு பேட்டரியில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்குப் புதுப் போன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

அதே 2020ல் மேசைக்கணினிகளிலும் இதே கதை வேறு உருவில் வந்தது. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் சராசரியாகப் பார்த்தால் சொன்ன வாட்டுக்குள்ளேதான் இருந்தன. ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பொழுதுக்கு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுத்தன. நல்ல பவர் சப்ளைகளே அதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து அணைந்தன. 2022ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, 100 மைக்ரோ நொடிக்கு இரண்டு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று எழுதிவைத்தது.

இத்தனையையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டியில் அடைத்தால் அதுதான் கேமிங் லேப்டாப். ப்ராசஸர், கிராஃபிக்ஸ் சிப் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இழுத்தால் அடாப்டரால் தனியாகக் கொடுக்க முடியாத மாடல்கள் உண்டு. அப்போது சார்ஜரில் செருகியிருக்கும்போதே பேட்டரியும் சேர்ந்து கொடுக்கும். பேட்டரி இங்கே சேமிப்புக் கணக்கு மட்டும் இல்லை, கைமாற்றும்கூட. புது ஏற்பாடும் இல்லை இது. பேட்டரியைக் கழற்றினால் மேக்புக் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அடாப்டரால் மட்டும் கொடுக்க முடியாத அளவு கேட்டு அணைந்துவிடாமல் இருக்கத்தான் இது என்று ஆப்பிளே 2000களின் பிற்பகுதியில் தன் உதவிக் குறிப்பில் விளக்கியிருந்தது.

"சார்ஜர்லதானே போட்டிருக்கேன், பேட்டரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மூன்று வயதான பேட்டரி, தொலைந்த அடாப்டருக்குப் பதில் வாங்கிய குறைந்த வாட் அடாப்டர், தளர்ந்த சார்ஜிங் பின் என எது இருந்தாலும் சம்பந்தம் உண்டு.

வேறுபடுத்திப் பார்க்க நேரம்தான் நல்ல துப்பு. அரைமணி நேரம் ஓடி, ஃபேன் உச்சத்தில் அலறி, பிறகு அணைந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம், அதுவும் மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறை என்றால் கட்டாயம். கேம் லோடு ஆகி முதல் காட்சி வரும் அந்த நொடியில், லேப்டாப் இன்னும் சூடாகாதபோதே அணைந்தால் மின்னோட்டம். பேட்டரியில் மட்டும் அணைகிறதா, சார்ஜரில் மட்டுமா என்பதையும் பிரித்துப் பாருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி இலவச மென்பொருளில் அளவுகளை நொடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதவைத்து விளையாடினால், அணைந்த பிறகு கடைசி வரி கிடைக்கும். அது 98 டிகிரியா 72 டிகிரியா என்பதில் ஒரு தேவையில்லாத மதர்போர்டு செலவு மிச்சமாகலாம். போர்டின் எல்லா மூலைகளிலும் உணரி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பாகங்கள் சத்தமில்லாமல் கொதிக்கலாம்.

ஆனால் நாம் ஏன் இப்படித் துப்பறிய வேண்டும்? எனக்கு இதில்தான் கோபம். சர்வர்களில் இந்த மௌனம் எப்போதோ உடைந்துவிட்டது. இன்டெல், எச்பி, டெல், என்இசி சேர்ந்து 1998ல் கொண்டுவந்த ஐபிஎம்ஐ என்ற ஏற்பாட்டில், முதன்மை ப்ராசஸர் செத்தாலும் தனியாக விழித்திருக்கும் ஒரு குட்டி சிப், வெப்பத்தால் வெட்டியதா, பவர் சப்ளை போனதா என்று குறித்துவைக்கும். லேப்டாப்பிலும் ஃபேனையும் சார்ஜிங்கையும் கவனிக்கும் குட்டிக் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இன்டெல் சிப்செட்டுகளிலோ, போன முறை தெர்ம்ட்ரிப்பால் அணைந்ததா என்று சொல்ல ஒரு பிட்டே பல வருஷமாக உண்டு. டெல்லின் அலுவலகக் கணினிகள் சிலவற்றில் அணைந்து எழுந்ததும், முந்தைய அணைப்பு வெப்பத்தால் நேர்ந்தது என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வரும். சொல்ல முடியும் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். ஒன்றரை லட்சம் ரூபாய் கேமிங் லேப்டாப் அதைச் சொல்லாததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. காரணம் திரையில் எழுதியிருந்தால் சர்வீஸ் சென்டரில் வாரண்டி வாதம் வேறு மாதிரி நடக்கும், அதுதான் தயக்கமோ என்னவோ.

2025ல் வந்த லினக்ஸ் 6.16 கர்னலில் ஒரு சின்னச் சேர்க்கை இருக்கிறது. ஏஎம்டி ஜென் வகை ப்ராசஸர் உள்ள கணினி எழும்போது, போன முறை ஏன் அணைந்தது என்று சிப்பில் குறித்திருப்பதைப் படித்துப் பதிவில் எழுதும். பட்டனை அழுத்திப் பிடித்ததா, மென்பொருள் கேட்டதா, தெர்ம்ட்ரிப் கம்பியா என்று தனித்தனியாக. வாங்கிய நாளிலிருந்தே அந்தத் தகவல் சிப்புக்குள் இருந்திருக்கிறது.