லாக் கேபின் ஒட்டுத்துணிக் கட்டம்

லாக் கேபின் என்பது அமெரிக்க ஒட்டுத்துணிப் போர்வைத் தையலில் வழங்கும் சதுரக் கட்ட வகைகளுள் ஒன்று. நடுவே ஒரு சிறு சதுரத் துணியை வைத்து, அதன் நான்கு பக்கமும் ஒரே அகலமுள்ள நீளத் துண்டுகளைச் சுற்றுச் சுற்றாகச் சேர்த்துத் தைப்பதால் இது உருவாகிறது. ஒட்டியுள்ள இரு பக்கங்களில் வெளிர் துணியும் மற்ற இரு பக்கங்களில் அடர்நிறத் துணியும் வருவதால், கட்டம் மூலைக்கு மூலை வெளிச்சமும் நிழலுமாகப் பிரியும். இப்படித் தைத்த கட்டங்கள் பலவற்றை இணைத்தால் போர்வையின் மேல்துணி கிடைக்கும். குடியேறிகள் மரத்தடிகளை மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து எழுப்பிய மரக்குடிலே இதற்குப் பெயர் தந்தது. வளைவு வெட்டோ உள்மூலைத் தையலோ இல்லாமல் எல்லாத் தையலும் நேர்கோட்டில் ஓடுவதால், புதிதாகத் தையல் பழகுபவர் தொடங்க இது ஏற்ற கட்டம்.

தோற்றமும் பெயரும்

ஒரு நடுவைச் சுற்றிப் பட்டைகளை அடுக்கும் எண்ணம் மிகப் பழையது. எகிப்தில் ரோமர் ஆட்சிக் காலத்தில் பதப்படுத்தப்பட்ட பூனைகளின் உடல்கள் சில லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் மேல் இரு நிற நார்த்துணிப் பட்டைகள் சதுரத்துக்குள் சதுரமாகச் சுற்றப்பட்டிருக்கின்றன. பார்த்த மாத்திரத்தில் லாக் கேபின் நினைவுக்கு வரும். எனினும் அந்தச் சுற்றுக்கும் போர்வைக் கட்டத்துக்கும் இடையே தொடர்ச்சி இருந்ததற்குச் சான்று இல்லை. ஒத்த வடிவம் வேறு, வழிவழியாக வந்த மரபு வேறு.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள மான் தீவில் இதே வடிவத்தைக் ‘கூரை’ என்ற பெயரில் தைத்து வந்தனர். அங்கே அளவுகோலும் கத்தரியும் இல்லாமலே வேலை நடந்தது. துணியைக் கையால் கிழித்து, சாணும் விரலும் அளவாகக் கொண்டு, ஒவ்வொரு பட்டையையும் ஒரு மடிப்பு மடித்துத் தைப்பார்கள். அந்த மடிப்புகள் ஓடு வேய்ந்த கூரையின் வரிசை போலத் தெரியும். இதைக் காட்டித் தோற்றம் பிரித்தானியத் தீவுகளிலேயே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் 1882இல் லண்டனில் வெளிவந்த தையற்கலை அகராதி, இவ்வேலையை அமெரிக்க ஒட்டுவேலை என்ற தலைப்பில் வைத்து, கனடாவில் நன்கு அறியப்பட்டது, இங்கிலாந்துக்கு அண்மையில் வந்தது என்று சொல்கிறது. ஆகவே கட்டமாகத் தைத்து, கட்டங்களை இணைத்துப் போர்வையாக்கும் இன்றைய மரபை அமெரிக்காவுக்கு உரியதாகக் கொள்வதே முறை.

அமெரிக்காவில் மரக்குடில் ஓர் அரசியல் சின்னமாகவும் இருந்தது. 1840 அதிபர் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் ஆதரவாளர்கள் மரக்குடில் உருவத்தை ஊர்வலங்களில் தூக்கிச் சென்றனர். அவர் உண்மையில் வர்ஜீனியாவின் வசதி படைத்த பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். 1860இல் வென்ற ஆபிரகாம் லிங்கனோ 1809இல் கென்டக்கியில் ஒரு மரக்குடிலிலேயே பிறந்தவர். லாக் கேபின் போர்வைகள் நாடெங்கும் பரவியது அவர் காலத்திலும் அதை அடுத்த ஆண்டுகளிலும்தான். கட்டத்தின் பெயர் நிலைத்ததற்கு லிங்கனின் புகழும் ஒரு காரணமாக இருக்கலாம். 1862ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம் 160 ஏக்கர் வரை நிலம் தர, குடும்பங்கள் மேற்கே நகர்ந்தன. மரக்குடிலில் வாழ்வது அப்போது பலருக்கு நேர் அனுபவம்.

1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு முன்பே, தப்பிச் செல்லும் அடிமைகளுக்கு இந்தப் போர்வை வழிகாட்டியது என்றும், நடுச்சதுரம் கறுப்பாக இருந்தால் அது அடைக்கல வீட்டின் அடையாளம் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1999இல் ஜாக்குலின் டோபினும் ரேமண்ட் டோபார்டும் எழுதிய நூலால் போர்வைகள் ரகசியக் குறிகளாகப் பயன்பட்டன என்ற கருத்து பரவியது. தப்பி வந்தவர்கள் விட்டுச் சென்ற வாக்குமூலங்களில் இதற்குச் சான்று இல்லை. அக்கால லாக் கேபின் போர்வைகளும் கிடைக்கவில்லை. கறுப்பின மக்களின் விடுதலைப் போராட்டம் பெருமை பெற இக்கதை தேவையும் இல்லை.

நடுச்சதுரத்தைச் சிவப்பாக வைப்பது பரவலான பழக்கம். அதை வீட்டு அடுப்பின் கனல் என்றும், மஞ்சளாக இருந்தால் சன்னல் விளக்கு என்றும் சொல்வர். மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் எடுத்த ‘டர்க்கி ரெட்’ சாயம் துவைத்தாலும் எளிதில் வெளுக்காது என்பதும் சிவப்பு நிலைத்ததற்கு ஒரு காரணம்.

தைக்கும் முறை

பழைய முறையில் அடித்துணி ஒன்று இருக்கும். பழைய பருத்தித் துணியில் முடியும் அளவைவிடச் சற்றுப் பெரிய சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இருமுறை மடித்து நகத்தால் கீறினால் நடுப்புள்ளி தெரியும். நடுச்சதுரத்தை அங்கே நல்ல பக்கம் மேலே இருக்கும்படி வைத்து ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துவர். முதல் பட்டையை நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி சதுரத்தின் மேல் கவிழ்த்து, ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, மூன்று துணிகளையும் சேர்த்துத் தைத்தபின் பட்டையை வெளிப்புறமாகத் திருப்பி விரலால் நீவிவிட வேண்டும். அடுத்த பட்டை முதல் பட்டையின் முனையை மூடிக்கொண்டு வரும். இப்படியே ஒரே திசையில் சுற்றிக்கொண்டு போகலாம். கம்பளி, பட்டு, பருத்தி என்று தடிப்பும் வழுக்கலும் வேறுபட்ட துணிகளை ஒன்றாகச் சேர்க்க முடிந்தது இந்த அடித்துணியால்தான். வேறெதற்கும் உதவாத ஒல்லித் துண்டுகளும் இதில் பயன்பட்டன. அடித்துணியும் தையல் மடிப்புகளும் சேர்ந்து கனத்துவிடுவதால், பஞ்சு வைத்து நெருக்கமாகத் தைக்காமல், ஆங்காங்கே நூலால் முடிச்சுப் போட்டு முடித்த போர்வைகளே அதிகம்.

அடித்துணி இல்லாமல் தைப்பதற்கு அளவு பிசகக் கூடாது. 8 அங்குலக் கட்டத்துக்கு நடுச்சதுரம் 2½ அங்குலம், பட்டைகள் 1½ அங்குல அகலம் என வெட்ட வேண்டும். தையலுக்கு எல்லா ஓரத்திலும் கால் அங்குலம் போகும். மூன்று சுற்றுக்கு 12 பட்டைகள். முதல் சுற்றில் வெளிர் பட்டைகள் 2½, 3½ அங்குல நீளமும், அடர்நிறப் பட்டைகள் 3½, 4½ அங்குல நீளமும் இருக்கும். சுற்றுக்குச் சுற்று ஒவ்வொன்றும் 2 அங்குலம் நீளும். கடைசி அடர்நிறப் பட்டை 8½ அங்குலம். மொத்தத்தில் வெளிர் துணி 30 அங்குலமும் அடர்நிறத் துணி 36 அங்குலமும் செலவாகும். அடர்நிறம் எப்போதும் பின்னால் வருவதால்தான் இந்த வித்தியாசம்.

பட்டைகளை நேர் இழையில் வெட்ட வேண்டும். குறுக்கிழையில் வெட்டியது இழுபட்டு, கட்டம் நடுவில் புடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தையலும் வீசம் அங்குலம், அதாவது 1/16, கூடுதலாகப் பிடித்தாலும், கட்டத்தின் குறுக்கே ஆறு தையல்கள் இருந்து ஒவ்வொன்றும் இரு துணிகளைக் குறைப்பதால் முழுக் கட்டம் முக்கால் அங்குலம் குறுகிவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் அளந்து பார்ப்பது நல்லது. தையல் மடிப்புகளை நடுவிலிருந்து வெளிநோக்கித் தள்ளி, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து எடுக்க வேண்டும்.

துணி தேர்வில் நிறத்தைவிட வெளிர்வும் அடர்வுமே முக்கியம். ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் பக்கத்தில் வைத்தால் வேறுபட்டுத் தெரியலாம். சற்றுத் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்தால் அவை இந்தக் கட்டத்துக்கு ஆகாது. நூறு விதக் கந்தலில் தைத்த பழைய போர்வைகள் ஒழுங்காகத் தோன்றுவதற்கு, தைத்த பெண்களின் இந்தக் கண் அளவே காரணம். அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

அடுக்கும் வகைகள்

பாதி வெளிச்சம், பாதி நிழல் என்ற ஒரே கட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பல உருவங்கள் எடுக்கலாம். நடுவிலிருந்து பெரிதாகிக்கொண்டே போகும் சாய்சதுரங்களாக அடுக்கினால் ‘களஞ்சியம் எழுப்பல்’, சாய்வான வரிகளாக அடுக்கினால் ‘நேர் உழவுசால்’, நான்கு நான்காகச் சேர்த்தால் ‘வெயிலும் நிழலும்’. பட்டைகளைச் சுற்றி வைக்காமல் எதிரெதிர்ப் பக்கங்களில் இணை இணையாகத் தைப்பது ‘நீதிமன்றப் படிகள்’. மூலைகளிலும் சாய்வுப் பட்டை சேர்த்தால் ‘அன்னாசி’. இது தொடக்கநிலையாளருக்கு உகந்ததன்று.

அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் ‘வீட்டுக்கூரை’ என்று வழங்கும் வகை, ஒரே நடுவைச் சுற்றிப் போர்வை முழுவதும் விரிவதும் உண்டு. உழைத்துத் தேய்ந்த கால்சட்டைத் துணியில் கோணல்மாணலாக வெட்டிய பட்டைகளோடு அவர்கள் தைத்தவை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அளவுச் சுத்தம் மட்டும் அழகைத் தருவதில்லை என்பதற்கு அவையே சான்று.

இன்றைய நிலை

1971இல் விட்னி அருங்காட்சியகம் போர்வைகளைச் சுவரில் ஓவியம்போல் தொங்கவிட்டது இக்கலையில் ஆர்வத்தை மீட்டது. 1978இல் எலினர் பர்ன்ஸ் ஒரே நாளில் லாக் கேபின் தைக்கும் முறையை நூலாக்கினார். 1979இல் ஜப்பானின் ஓல்பா நிறுவனம் துணி வெட்டும் உருட்டுக் கத்தியைக் கொண்டுவந்தது. இப்போது தையல் எந்திரத்திலும், அச்சிட்ட காகிதத்தின் மேலும் இக்கட்டம் தைக்கப்படுகிறது.