பல்லவியோடு நின்றுபோகும் நினைவு: மதுரை வட்டாரத்தில் பாட்டு மனசில் தங்கிய வரலாறு

மதுரையில் டீக்கடை பெஞ்சில் நாற்பதைத் தாண்டிய இருவர் உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும்: இப்போது வருகிற பாட்டு எதுவும் மனசில் நிற்கவில்லை. பேச்சு பழையது. பாகவதர் பாட்டில் ஊறியவர்கள் விசுவநாதன்–ராமமூர்த்தியின் மெல்லிசையைப் பற்றி இதையே சொன்னார்கள். மெல்லிசையில் வளர்ந்தவர்கள் 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது சொன்னார்கள். இளையராஜா ரசிகர்கள் 1992-இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு சொன்னார்கள். எல்லாத் தலைமுறையும் சொல்லும் புகார் என்பதாலேயே அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. புகாரில் சரக்கு இருக்கிறது. ஆனால் மனசில் நிற்பது என்றால் பாட்டில் எவ்வளவு நிற்பது என்று யாரும் கேட்பதில்லை. முழுப் பாட்டா, பல்லவியா, ஒரே ஒரு சொற்றொடரா? மதுரையும் அதைச் சுற்றிய சமவெளியும் நூறு ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்ட கதையை இந்தக் கேள்வியோடு பார்த்தால், நினைவில் தங்கும் பாட்டின் நீளம் படிப்படியாகக் குறைந்து வந்திருப்பது தெரிகிறது. இதற்கு இசையமைப்பாளர்களின் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவதைவிட, பாட்டு காதுக்கு வந்துசேர்ந்த வழியைக் காட்டுவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பாடம் பண்ணிய காலம்

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர்பெற்றவர்கள் சிறுவர்களாக அங்கே சேர்ந்தவர்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி எம்.ஜி.ஆரையும் அவர் அண்ணன் சக்கரபாணியையும் மேடைக்குப் பழக்கியது. வாத்தியார் சொல்லச் சொல்லப் பாட்டையும் வசனத்தையும் பாடம் பண்ணுவதுதான் இந்தக் கம்பெனிகளின் கல்வி. காகிதம் இரண்டாம் பட்சம்.

இந்த மரபு ஸ்பெஷல் நாடகத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. மதுரையை மையமாகக் கொண்ட அந்த உலகத்தில் நாடகக் குழு என்று ஒன்று கிடையாது. கோயில் திருவிழாவுக்கு ஏற்பாடு செய்பவர்கள் ராஜபார்ட்டை ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோரூரிலிருந்தும் பேசிக் கூட்டி வருவார்கள். பபூனும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியாக வந்து சேர்வார்கள். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில்தான் சந்திப்பு. அப்படியும் ‘வள்ளி திருமணம்’ விடியும்வரை தடங்கலின்றி நடக்கும். ஏனென்றால் சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் தெரியும். முதலடியைக் கேட்டதும் எதிராளி அடுத்த அடிக்குத் தயாராகிவிடுவார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களும் அப்படித்தான்; நடிகர் ஓர் அடியை விழுங்கினால் கீழேயிருந்து அடி வரும். இங்கே பாட்டின் நினைவு தனி ஆளின் மூளையில் மட்டும் இருக்கவில்லை. அது ஊருக்குச் சொந்தமான பொதுச்சொத்தாக இருந்தது. இந்த நிலையை அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் பிறகு வந்தவற்றை மதிப்பிட வேண்டும்.

பேசும்படம் வந்ததும் எல்லாப் பாட்டும் மனசில் நின்றுவிடவில்லை. 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் சுமார் 50 பாட்டுகள் என்பார்கள். அவற்றில் எத்தனையை இன்று ஒருவரால் பாட முடியும்? படமே அழிந்துவிட்டது. மதுரை ராயல் டாக்கீஸ் தயாரித்து 1937-இல் வெளிவந்த ‘சிந்தாமணி’ ஓராண்டுக்கு மேல் ஓடியது. அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதே பெயரை வைத்தார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய, பாபநாசம் சிவனின் அந்தப் பாட்டுகளில் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பதியலாம். தட்டில் ஏறிய பாட்டு பிழைத்தது, ஏறாதது போயிற்று. பழைய பாட்டு எல்லாமே அருமை என்று நாம் நினைப்பதில் பாதி இந்தச் சல்லடையின் வேலை. தேறாத பாட்டுகள் ஆயிரக்கணக்கில் மறக்கப்பட்டபின், தேறியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு போன காலத்தை மெச்சுகிறோம். மறுபுறம், இந்த வாரம் வந்த பாட்டை நல்லதும் கெட்டதுமாகச் சேர்த்தே கேட்கிறோம். இது நியாயமான போட்டி இல்லை.

குழாயில் கேட்ட குரல்

மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் 1922-இல் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் பாகவதர் பாணியில் பாடிப் பழகியவர். ‘கிருஷ்ண விஜயம்’ 1950-இல் அவர் குரலைத் திரையில் கேட்கவைத்தது. 1954-இல் ‘தூக்குத் தூக்கி’ சிவாஜிக்கும் ‘மலைக்கள்ளன்’ எம்.ஜி.ஆருக்கும் அந்தக் குரலைப் பொருத்தின. அவர் குரலின் வெற்றிக்கு உச்சரிப்பைக் காரணம் சொல்வது வழக்கம். அதோடு கருவியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பாட்டு வந்தது குழாய் ஒலிபெருக்கியில். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், முளைப்பாரி எதுவானாலும் முதல் நாளே மைக்செட்காரர் வந்து வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் ஆரம்பிக்கும். பிறகு சினிமாப் பாட்டு, இரவுவரை. டூரிங் டாக்கீஸிலும் இதே குழாய்தான். பக்திப்பாட்டு நின்றால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று பொருள், ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். குழாய் ஒலிபெருக்கி கீழ்ச்சுரங்களை ஏறக்குறைய விழுங்கிவிடும், மனிதக் குரலின் எல்லையை மட்டும் கூர்மையாகத் தள்ளும். அன்றைய ஒலிப்பதிவிலும் குரலுக்கே முதலிடம், வாத்தியம் பின்னால். ஆகவே இரண்டு வயல் தள்ளி நாற்று நடுகிறவர்களுக்கும் சொல் தெளிவாகக் கேட்டது. சொல் கேட்டதால் சரணமும் பாடமானது. இன்றைய பாட்டைத் தாங்கி நிற்பது கீழ்ச்சுரத்து அதிர்வு. அதைக் குழாயில் போட்டால் தகரச் சத்தம்தான் மிஞ்சும். பாட்டின் தரத்தைப் பற்றி இதில் தீர்ப்பு எதுவும் இல்லை. எந்தப் பாட்டு எந்தக் கருவிக்குப் பிறந்தது என்பதே விஷயம்.

இன்னொரு வழி வானொலி. தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் 1952-இல் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாட்டை ஏறக்குறைய ஒழித்தார். மக்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி வந்தபிறகும் தென்மாவட்டக்காரர்கள் இலங்கை வானொலியை விடவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்கள் மதுரை வீடுகளில் உறவினர் குரல்போலப் பழகியவை. கவனிக்க வேண்டியது, எந்தப் பாட்டைக் கேட்பது என்று முடிவு செய்தவர் கேட்பவர் அல்லர். வேண்டிய பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்; வராமலும் போகலாம். வந்தபோது தெருவே ஒன்றாகக் கேட்டது. பாட்டுப் புத்தகத்தைச் சில காசுக்குத் தியேட்டர் வாசலில் வாங்கி வைத்திருந்தவர்கள் அதைப் பிரித்துக்கொண்டு கூடவே பாடினார்கள். பிடிக்காத பாட்டும் இப்படித்தான் பாடமானது.

பாட்டின் உள்ளமைப்பும் இதற்குத் துணை செய்தது. டேவிட் ரூபின் என்ற உளவியலாளர் வாய்மொழி மரபுகளின் நினைவாற்றலைப் பற்றி 1995-இல் எழுதிய நூலில், சந்தமும் ஒலியொப்பும் பொருளும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதால்தான் நெடும்பாட்டுகள் சிதையாமல் கைமாறுகின்றன என்கிறார். தமிழ் எதுகைக்கு இதில் ஒரு தனி வசதி. ஆங்கிலப் பாட்டில் ஒலியொப்பு அடியின் கடைசியில் வருகிறது. நம் எதுகை அடியின் முதல் சீரிலேயே நிற்கிறது. ஆகவே முந்தைய அடியின் தொடக்கமே அடுத்த அடியின் தொடக்கத்தைக் கையைப் பிடித்து இழுத்துவரும். மறந்துபோகிற இடம் அதுதானே. கண்ணதாசன் சரணங்கள் இதை அறிந்து கட்டியவை. 1976-இல் வந்த ‘மூன்று முடிச்சு’ படத்துக்கு எம்.எஸ். விசுவநாதன் இசையில் அவர் எழுதிய அந்தாதிப் பாட்டில் ஓர் அடி முடிந்த சொல்லில் அடுத்த அடி தொடங்கும். அதை மறக்க வேண்டுமானால் தனியாக முயல வேண்டும்.

அதே 1976-இல்தான் அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பியவர் ‘அன்னக்கிளி’யில் அறிமுகமானார். அண்ணன் பாவலர் வரதராசனோடு கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடித்திரிந்தவர் இளையராஜா. எந்த மெட்டு கூட்டத்தைப் பிடிக்கும் என்பது அவருக்குத் தரையிலிருந்து தெரியும். அவர் காலத்தின் கருவி கேசட். டவுன்ஹால் ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டு ஓரங்களிலும் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெள்ளைத்தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால், 60 நிமிட கேசட்டின் இரு பக்கத்திலும் பதிந்து நாலு நாள் கழித்துத் தருவார்கள். கடைசிப் பாட்டுக்கு நாடா போதாமல் சரணத்தில் அறுந்து நிற்கும். அப்படி வளர்ந்தவர்களுக்கு ஒரு பாட்டு முடிந்ததும் கேசட்டில் அடுத்து வந்த பாட்டு தானாக மனசில் ஓடும். காசு கொடுத்துப் பதிந்த பத்துப் பன்னிரண்டு பாட்டையே மாதக்கணக்கில் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். தேர்வு கேட்பவர் கைக்கு வந்துவிட்டது, ஆனால் தேர்வுக்கு விலை இருந்தது. மினி பஸ்ஸில் டிரைவர் வைத்திருந்த நான்கு கேசட்டும் அந்தத் தடத்து ஊர்களுக்கெல்லாம் பாடமாக இருந்தது. 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் மாதக்கணக்கில் ஓடியதில் இந்தக் கேசட்டுகளுக்கும் பங்குண்டு. இந்தக் காலத்தில் ஒரு புதுமையும் நேர்ந்தது: சொல்லோடு இடையிசையும் மனப்பாடமானது. வயலின் வருமிடம், குழல் வருமிடம் எல்லாவற்றையும் வாயால் வாசித்துக் காட்டும் தலைமுறை அது. நினைவின் நீளத்தை அளந்தால், முழுப் பாட்டும் வாத்தியத்தோடு தங்கிய உச்சம் இதுவே என்பேன்.

ஆய்வுகள் காட்டுவது

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாஸ்கல் வாலிஷ் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு மிக நெருங்கியது. 1940 முதல் 2015 வரை அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த 152 பாட்டுகளின் துண்டுகளை, பெரும்பாலும் 18 முதல் 25 வயதுள்ள 643 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசிப் பதினைந்து ஆண்டுப் பாட்டுகளை அவர்கள் நன்றாக அடையாளம் கண்டார்கள், ஆனால் பின்னோக்கிப் போகப்போக நினைவு வேகமாகச் சரிந்தது. 1960–1999 காலப் பாட்டுகளில் சரிவு நின்று ஒரு சமவெளி தெரிந்தது. 1940, 50-களின் பாட்டுகள் மறுபடி சரிந்தன. நம் பெரியவர்கள் கட்சிக்கு இது பாதி சாதகம், பாதி பாதகம். நடுக்காலப் பாட்டுக்கு ஏதோ நிலைப்பு இருக்கிறது. அதற்கும் முந்தைய பாட்டுக்கு இல்லை. இங்கும் அப்படியே; பாகவதர் பெயர் இன்றைய கல்லூரி மாணவருக்கு வினாடி-வினா விடையாகிவிட்டது.

கேரல் க்ரம்ஹான்ஸல், ஜஸ்டின் சுப்னிக் இருவரும் 2013-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். இருபது வயதுக்காரர்கள் தங்கள் பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளோடு தனி ஒட்டுதல் வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒலித்ததே காரணம் என்பது அவர்கள் கருத்து. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் 1991-இன் ‘குணா’ பாட்டையும், ‘லப்பர் பந்து’ 1989-இன் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டையும் எடுத்துப் போட்டபோது, பிறக்கும் முன்பே வந்த பாட்டைத் தியேட்டரே சேர்ந்து பாடியதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 2008-இன் ‘சுப்ரமணியபுரம்’ மதுரையின் எண்பதுகளைத் திரும்பக் கட்டியபோது 1980-இன் ‘கல்லுக்குள் ஈரம்’ பாட்டை நாடியதும் இதே கணக்கு.

இப்போது நிலை வேறு. பாட்டு பைக்குள் இருக்கிறது, காதுக்குள் மட்டும் கேட்கிறது. பிடிக்கவில்லையென்றால் விரல் தள்ளிவிடும். ஹூபர்ட் கோவின் 1986 முதல் 2015 வரையிலான அமெரிக்க வெற்றிப் பாட்டுகளை அளந்ததில், குரல் தொடங்கும் முன் வரும் இசை 20 விநாடிக்கு மேலிருந்து 5 விநாடி அளவுக்குக் குறுகியிருந்தது. கேட்பவரை உடனே பிடிக்காவிட்டால் போய்விடுவார் என்ற பயம்தான் அது. தமிழில் அந்தப் பயம் பல்லவியில் இறங்கியிருக்கிறது. ஒற்றைச் சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வைத்து, ரீல்ஸில் அரை நிமிடம் நிற்கும்படி பாட்டைக் கட்டுகிறார்கள். 2011-இன் ‘கொலவெறி’ இந்த வழியைத் திறந்தது. 2018-இன் ‘ரவுடி பேபி’ யூடியூபில் 100 கோடிப் பார்வையைத் தாண்டியது. இவற்றை மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பல்லவியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் பாடும். சரணத்தைப் பாடச் சொல்லுங்கள், பலருக்கு வராது. பல புதுப்பாட்டுகளில் இரண்டாம் சரணமே கிடையாது.

எனவே இன்றைய பாட்டு நினைவில் நிற்கவில்லை என்பது சரியான கூற்று அல்ல. சிறிதளவு நிற்கிறது, பலர் தலையில் வெவ்வேறு துண்டாக நிற்கிறது, ஒரே தெருவில் எல்லோருக்கும் ஒரே பாட்டாக நிற்பதில்லை. விதிவிலக்கு திருவிழாக்கள்தான். பரவை முனியம்மா 2003-இல் ‘தூள்’ படத்தில் பாடிய பாட்டு இந்தப் பக்கத்துக் கோயில் கொடைகளில் இன்றும் முழுதாகப் பாடப்படுகிறது. அது ஒலிபெருக்கியிலும் மேடையிலும் ஊர் கூடிக் கேட்ட பாட்டு.

இந்தத் துணிபைச் சோதிக்க அமெரிக்கத் தரவு போதாது. மதுரைக் கல்லூரி ஒன்று, பத்தாண்டுக்குப் பத்துப் பாட்டு வீதம் எடுத்து, மாணவர்களிடமும் அவர்களின் தாத்தா பாட்டிகளிடமும் பல்லவி, முதல் சரணம், இரண்டாம் சரணம் என்று தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தால் ஒரு பருவத்துக்குள் விடை தெரிந்துவிடும். அதற்கு முன் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று இருக்கிறது. பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும் சென்னை ரோஜா முத்தையா நூலகம் காப்பாற்றி வைத்திருக்கிறது. மைக்செட்காரர்களின் இசைத்தட்டுப் பெட்டிகளையும் ரெக்கார்டிங் சென்டர்களுக்கு எழுதிக் கொடுத்த பட்டியல்களையும் இன்னும் பெரும்பாலும் யாரும் சேகரிக்கவில்லை. வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் பக்கத்துக் கல்லூரித் தமிழ்த்துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.