உறைநிலம் காத்த பசுமை: பனியுகத் தாவரங்களை மீட்டறிந்த வரலாறு

வெப்பமும் மழையும் மிகுந்த நம் மண்ணில் உதிர்ந்த இலை நெடுநாள் நிலைப்பதில்லை. சில திங்களுக்குள் அது மண்ணோடு மண்ணாகிவிடும். ஆதலால், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, மலாய்த் தீபகற்பமும் சுமத்ராவும் ஜாவாவும் போர்னியோவும் ஒரே நிலமாய் இணைந்திருந்த காலத்தில் இங்கு என்னென்ன செடிகள் தழைத்தன என்பதை அறிதல் எளிதன்று. அதே காலத்தில் வடகோடியில் சைபீரியாவும் அலாஸ்காவும் இணைந்திருந்தன. கனடாவின் யூக்கான் வரை நீண்ட அந்நிலப்பரப்புக்கு 1937ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் எரிக் ஹுல்தேன் 'பெரிஞ்சியா' என்று பெயரிட்டார். கடுங்குளிர் நிலவிய போதிலும் வறட்சியின் காரணமாக அதன் பெரும்பகுதியைப் பனிப்பாளங்கள் மூடவில்லை. அங்கு வளர்ந்த செடிகளோ அழுகவில்லை. என்றும் உருகாத உறைநிலத்தில் புதைந்து கிடந்தன.

நிலத்தை அதன் பூவால் அடையாளம் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சியும் முல்லையும் பூவின் பெயராக இருந்து நிலத்தின் பெயராகவும் ஆனவை. பெரிஞ்சியாவுக்கும் அப்படியொரு பெயர் சூட்ட வேண்டியிருந்தது. அது பாசியும் குறுஞ்செடியும் படர்ந்த துந்திராவா, புல் செழித்த ஸ்டெப்பி வெளியா? இவ்வினா அறிஞர்களைப் பல பத்தாண்டுகள் இரு அணிகளாகப் பிரித்து நிறுத்தியது.

தொடக்ககாலச் சான்றுகளுள் ஒன்று விலங்கின் வாயிலிருந்தே கிடைத்தது. சைபீரியாவின் பெரெசோவ்கா ஆற்றங்கரையில் வெளிப்பட்ட மாமூத் ஒன்றை 1901இல் ஓட்டோ ஹெர்ட்ஸ் தலைமையிலான குழு அகழ்ந்தெடுத்தது. அதன் பற்களிடையே விழுங்கப்படாத உணவு எஞ்சியிருந்தது. வயிற்றிலும் தாவர எச்சங்கள் இருந்தன. அவற்றை ஆராய்ந்து 1914இல் முடிவுகளை வெளியிட்டார் சுகச்சேவ். புல், கோரை, மஞ்சள் நிறப் பூப்பூக்கும் சிறுசெடிகள் எனப் பலவற்றை அவர் இனங்கண்டார். ஆனால், ஒரு விலங்கின் ஒரு வேளை உணவைக் கொண்டு ஒரு கண்டத்தின் பசுமையை அளந்துவிட முடியாது.

பரந்த நிலத்தின் வரலாற்றைச் சொல்லவல்லது மகரந்தம். அதன் புறவுறை மிக உறுதியானது. ஏரிகளின் அடிச்சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் இருப்பது. மகரந்தத்தை எண்ணிப் பழங்காலத் தாவரங்களைக் கணிக்கும் முறையை 1916இல் லென்னார்ட் வான் போஸ்ட் அவைமுன் விளக்கினார். அம்முறை பின்னர் பெரிஞ்சியாவின் ஏரிகளுக்கும் சென்றது. பனியுகப் படிவங்களில் மகரந்தம் மிகக் குறைவாகவே இருந்தது. எனவே, அந்நிலம் ஆங்காங்கே சில செடிகள் மட்டும் தலைகாட்டிய வறுநிலம் என்று பால் கொலின்வோ முதலானோர் வாதிட்டனர். யூக்கானின் மகரந்தப் பதிவுகளை ஆராய்ந்து 1980இல் சுவினாரும் ரிச்சியும் வெளியிட்ட முடிவும் அக்கருத்துக்கு வலுச்சேர்த்தது.

எலும்புகளை ஆராய்ந்த டேல் கத்ரி இதனை ஏற்கவில்லை. உறைமண்ணில் பெருகக் கிடைத்தவை மாமூத், குதிரை, காட்டெருது ஆகியவற்றின் எலும்புகள். இவை மூன்றும் புல் மேய்பவை. மேய்ச்சல் இல்லாத நிலத்தில் இத்துணைப் பெரிய விலங்குகள் எவ்வாறு உயிர் வாழ்ந்தன என்று அவர் வினவினார். அந்நிலத்தை 'மாமூத் புல்வெளி' என்றே அழைத்தார். மகரந்தம் பஞ்சத்தைக் காட்டியது. எலும்போ வளத்தைக் காட்டியது.

இரு தரப்பாரும் பொய்யுரைக்கவில்லை. அவரவர் நம்பிய சாட்சிக்கே குறைபாடு இருந்தது. காற்றில் பறக்கும் மகரந்தம் தொலைவிலிருந்தும் வரும். பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை பெறும் செடிகளோ ஏரிச் சேற்றில் அரிதாகவே தடம் பதிக்கும். புல்லின் மகரந்தத்தைக் கண்டு அது புல் என்று சொல்லலாமேயன்றி, எந்த வகைப் புல் என்று சொல்வது அரிது. ஆகவே, வளர்ந்த இடத்திலேயே புதைந்த விதையும் தண்டும் இலையும் வேண்டியிருந்தன.

அவற்றுள் ஒரு பகுதியைச் சேமித்துத் தந்தது நில அணில். குளிர்காலத்துக்கென அது தன் வளையில் விதைகளையும் புல்லையும் சேர்த்து வைக்கும். காற்றுக் கொணர்ந்த நுண்மண் மேலே படியப்படிய, அவ்வளைகள் உறைநிலத்துக்குள் அமிழ்ந்தன. யூக்கானின் குளொண்டைக் பகுதியில் பொன் தேடுவோர் உறைமண்ணை நீர் பாய்ச்சிக் கரைத்தபோது அவை வெளிப்பட்டன. வடயூக்கானின் படிவங்களை ஆராய்ந்த கிராண்ட் ஸசூலா குழுவினர், கொத்துக்கொத்தாக வளரும் புற்களோடு ஆர்டெமிசியா செடியின் எச்சங்களையும் கண்டறிந்து 2003இல் அறிவித்தனர். நாம் மாசிபத்திரி என்னும் மூலிகை இந்த ஆர்டெமிசியா இனத்தைச் சேர்ந்ததே. வறண்ட புல்வெளி ஒன்று உண்மையிலேயே அங்கு இருந்தது என்பதற்கு இது நேரடிச் சான்றாயிற்று.

மற்றொரு சான்றை எரிமலை காத்தது. ஏறத்தாழ 21,000 ஆண்டுகளுக்கு முன்பு அலாஸ்காவின் செவார்டு தீபகற்பத்தில் எழுந்த வெடிப்பு, சாம்பலைப் பொழிந்து நிலத்தை மூடியது. பின்னர் அனைத்தும் உறைந்தன. சாம்பலுக்கு அடியில் ஒரு பருவத்துச் செடிகள் வேரூன்றிய நிலையிலேயே நின்றன. விக்டோரியா கோட்சியஸ், ஹிலரி பர்க்ஸ் ஆகிய இருவரும் 2001இல் இவற்றை விவரித்தனர். அங்கே புல்லும் கோரையும் பூக்கும் சிறுசெடிகளும் பாசிப்படலமும் அடர்ந்திருந்தன. யூக்கானில் கண்ட காட்சியிலிருந்து இது வேறுபட்டது. பெரிஞ்சியா ஒரே விதமான நிலமன்று; பல திணைகள் அடுத்தடுத்து அமைந்த நிலம் என்பது இதனால் தெளிவாயிற்று.

2014இல் எஸ்கே வில்லர்ஸ்லெவ் தலைமையிலான பெருங்குழு, வடதுருவப் பகுதியின் 242 மண்மாதிரிகளில் எஞ்சியிருந்த டி.என்.ஏ.வைப் படித்து, 50,000 ஆண்டுத் தாவர வரலாற்றை வரைந்தது. புரதம் மிக்க பூக்கும் சிறுசெடிகள், கருதியதைக் காட்டிலும் மிகுதியாக இருந்தன என்பது அதன் முடிவு. மகரந்தத்தில் தடம் பதிக்காதவை அச்செடிகளே. 'புல்வெளி' என்னும் சொல்லுக்குள்ளும் பூக்கள் மறைந்திருந்தன.

இத்துறைக்குத் தவறிய வரலாறும் உண்டு. யூக்கானின் உறைமண்ணில் லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்கின் பழைய வளையில் 1954இல் கிடைத்த லூப்பின் விதைகள் முளைத்தன. அவை 10,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்று 1967இல் அறிவிக்கப்பட்டது. விதைகளின் வயது நேரடியாகக் கணிக்கப்படவில்லை. உடனிருந்தவற்றின் பழமையைக் கொண்டு அவையும் பழமையானவை எனக் கொள்ளப்பட்டது. 2009இல் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது, அவை 1950களில் விளைந்த புதிய விதைகள் எனத் தெரியவந்தது. முதல் அறிவிப்பை வெளியிட்ட மூவருள் ஒருவரான ஹாரிங்டன் அத்திருத்தக் கட்டுரையிலும் ஓர் ஆசிரியராய் இருந்தார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 2012இல் ஸ்வெத்லானா யாஷினா குழுவினர், கொலிமா ஆற்றங்கரையில் 38 மீட்டர் ஆழத்தில் நில அணில் வளையிலிருந்து கிடைத்த சைலீன் செடியின் காய்த்திசுவிலிருந்து புதுச்செடிகளை வளர்த்துப் பூக்கச் செய்தனர். அவர்கள் காய்களின் வயதை நேரடியாகவே கணித்திருந்தனர்: ஏறத்தாழ 32,000 ஆண்டுகள்.

வரலாறு எழுதுவோர் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்றுண்டு. கல்வெட்டாயினும் ஓலையாயினும் மகரந்தமாயினும், எந்தச் சாட்சியும் தான் கண்டதை மட்டுமே சொல்லும். அது எதைக் காணவியலாது என்பதை அறிந்த பிறகே அதன் கூற்றை எடைபோட வேண்டும். ஒரு சாட்சியின் மௌனத்தை இன்மையென்று கொண்டதால் பூக்கள் நிறைந்த நிலமொன்று நெடுங்காலம் பாலையாகக் கருதப்பட்டது.

இன்று அவ்வுறைநிலம் உருகிவருகிறது. கரைகள் சரிகின்றன, வளைகள் திறக்கின்றன. வெளிப்படும் விதையும் இலையும் உடனே எடுக்கப்படாவிடில், நம் மண்ணில் உதிர்ந்த இலையைப் போலவே அழுகி மறையும். பல்லாயிரம் ஆண்டுகள் காத்திருந்த சாட்சி, கேட்பாரின்றி ஒரு கோடையில் அழிந்துபோகலாம். அதற்கு முன் அதனைப் படித்து வைப்பது நம் தலைமுறையின் கடன்.