மலைக்கிராமத்தின் செய்தி வெளியே வர வேண்டுமானால்: ஜவ்வாது மலையும் பத்திரிகைச் சுதந்திரமும்

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் வனப்பகுதியில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலையின் பழங்குடி மக்களும் அவர்களில் இருந்தனர். செம்மரம் வெட்டியவர்கள் கல்லாலும் கோடரியாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. முதல் நாள் வெளிவந்த தகவல் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அடுத்தடுத்த நாட்களில் செய்தியாளர்கள் மலைக்கிராமங்களுக்கு ஏறிச் சென்றார்கள். இறந்தவர்களின் மனைவிமார்களையும் பெற்றோரையும் சந்தித்தார்கள். அந்தக் கூட்டத்தோடு புறப்பட்டு உயிர் தப்பியவர்களின் பேச்சும் வெளியே வந்தது. சிலரை வழியிலேயே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று அவர்கள் கூறினர். ஒரு பெண்ணின் அருகில் அமர்ந்திருந்ததால்தான் பிழைத்தேன் என்றார் ஒருவர். தேசிய மனித உரிமை ஆணையம் ஊடகச் செய்திகளின் அடிப்படையில் தாமாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தப்பியவர்கள் ஆணையத்தின் முன் வாக்குமூலம் அளித்தார்கள். ஒவ்வொரு குடும்பத்திற்கும் 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. காவல்துறையினர் மீது கொலை வழக்குப் பதிவானது.

செம்மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் குற்றம் செய்தவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதுதான் சட்டம். அந்த வேறுபாட்டை நாட்டுக்கு நினைவூட்ட, காவல்துறை சொன்னதோடு நிற்காமல் மறுபக்கத்தையும் கேட்டு எழுதும் செய்தியாளர்கள் தேவைப்பட்டார்கள். பத்திரிகைச் சுதந்திரம் என்பதை நாம் இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

மலைக்கும் செய்திக்கும் உள்ள தூரம்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் முக்கிய ஊர். மலையாளி எனப்படும் பழங்குடியினர் இங்கே பெரும்பான்மையினர். சாமை, தேன், புளி ஆகியவை அவர்களின் வாழ்வாதாரம். மழை பொய்க்கும் காலத்தில் கூலிக்கு வெளியூர் போவது வழக்கம். செம்மரத் தரகர்கள் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்ததும் இந்த வறுமையைக் கண்டுதான்.

இத்தகைய இடங்களில் நடப்பது தானாக வெளியே வராது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்தார். அந்தப் படமும் செய்தியும் வெளிவந்த பிறகே சாலை இல்லாத மலைக்கிராமங்களைப் பற்றி மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

பக்கத்திலுள்ள சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தி இன்னொரு பாடம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்த ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். பழங்குடி அமைப்புகளும் வழக்கறிஞர்களும் விடாமல் போராடினர். பத்திரிகைகள் அதை மறக்க விடவில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய அரசியல் சாசனத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியே ஒரு பிரிவு கிடையாது. 19(1)(அ) பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் தரும் பேச்சு, கருத்துச் சுதந்திரத்திலேயே அது அடங்கும். இதை நிலைநாட்டிய தொடக்ககால வழக்குகளில் ஒன்று நம் மாகாணத்திலிருந்தே போனது. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழுக்குச் சென்னை அரசு விதித்த தடையை 1950 மே மாதம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1994-ல் நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில், தம்மைப் பற்றி அவதூறாக வரும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

இந்தச் சுதந்திரத்திற்கு எல்லையும் உண்டு. பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு முதலிய காரணங்களுக்காக 19(2) பிரிவின் கீழ் நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். அந்த 'நியாயம்' எதுவரை என்பதில்தான் வழக்குகள் எல்லாம் நடக்கின்றன.

தமிழகத்தில் நடந்தவை

1987-ல் அட்டைப்படத்தில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களிலேயே விடுவிக்கப்பட்டார். 2018 அக்டோபர் 9 அன்று நக்கீரன் கோபால் சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டபோது, அவரைக் காவலில் வைக்க எழும்பூர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது.

பெயர் பெற்ற ஆசிரியர்களுக்கு உடனே வழக்கறிஞர்கள் வருவார்கள், சக பத்திரிகையாளர்கள் திரள்வார்கள். சிற்றூர் நிருபரின் நிலை வேறு. 2020 நவம்பரில் குன்றத்தூர் அருகே தொலைக்காட்சி நிருபர் இஸ்ரவேல் மோசஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரி 24 அன்று பல்லடம் அருகே நியூஸ் 7 தமிழ் நிருபர் நேசபிரபு தாக்கப்பட்டார். மர்ம நபர்கள் தம்மை நோட்டமிடுவதாகக் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லி உதவி கேட்டுக்கொண்டிருந்த நிலையில்தான் அவர் வெட்டப்பட்டார். தாலுகா அளவில் எழுதுபவர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ, அவர்கள் வாழும் அதே ஊரில்தான் அவரும் குடும்பத்தோடு வாழ வேண்டும். ஆபத்து அங்கிருந்தே தொடங்குகிறது.

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதி நம் மலைகளைப் போலவே பழங்குடி மக்களின் பூமி. அங்கே யூடியூப் வழியாகவும் தொலைக்காட்சிக்காகவும் செய்தி சேகரித்த முகேஷ் சந்திராகர், ஒரு சாலைப் பணியில் நடந்த முறைகேட்டை வெளியே கொண்டுவந்தவர். 2025 ஜனவரி 1 அன்று காணாமல் போனார். ஜனவரி 3 அன்று கழிவுநீர்த் தொட்டியில் அவரது உடல் கிடைத்தது. சாலை ஒப்பந்ததாரர் உள்ளிட்டோர் கைதாயினர். பத்திரிகையாளர் பாதுகாப்புக்கான மசோதாவை அந்த மாநிலச் சட்டமன்றம் 2023 மார்ச்சில்தான் நிறைவேற்றியிருந்தது. சட்டம் தேவை, அதை நடைமுறைப்படுத்தும் நிர்வாகம் அதைவிடத் தேவை.

சித்தீக் காப்பன்

நம் சமுதாயம் நன்கறிந்த வழக்கு இது. கேரளத்தைச் சேர்ந்த சித்தீக் காப்பன், 2020 அக்டோபர் 5 அன்று ஹாத்ரஸ் தலித் பெண்ணின் மரணம் குறித்துச் செய்தி சேகரிக்கச் செல்லும் வழியில் மதுராவில் கைது செய்யப்பட்டார். ஊபா சட்டமும் பின்னர் பணமோசடித் தடுப்புச் சட்டமும் அவர் மீது பாய்ந்தன. 2022 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. மற்ற வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் டிசம்பரில் ஜாமீன் தந்தது. 2023 பிப்ரவரி 2 அன்றுதான் வெளியே வந்தார். தீர்ப்பு எதுவும் இல்லாமலேயே ஏறத்தாழ 28 மாதங்கள் சிறையில் கழிந்தன. வழக்கு நடைமுறையே தண்டனையாக மாறுவது என்பது இதுதான்.

உலக நிலை

'எல்லைகளற்ற செய்தியாளர்கள்' அமைப்பின் 2025-ம் ஆண்டுப் பட்டியலில் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 151-வது இடம். அண்டை நாடான இலங்கையில் யாழ்ப்பாணச் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபரில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தராக்கி சிவராம் 2005-லும், ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009-லும் கொல்லப்பட்டனர். தமிழரும் சிங்களவரும் அதில் உண்டு. எழுதியதுதான் அவர்களுக்குப் பொதுவானது.

பாலஸ்தீனச் செய்தியாளர் ஷிரீன் அபூ அக்லே 2022 மே 11 அன்று ஜெனினில் செய்தியாளர் என்று எழுதப்பட்ட மேலங்கியோடு நின்றபோது சுடப்பட்டார். 2024-ல் மட்டும் உலகில் குறைந்தது 124 ஊடகத்தினர் கொல்லப்பட்டதாகவும், அவர்களில் 85 பேர் இஸ்ரேலியப் படையால் கொல்லப்பட்டதாகவும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு கணக்கிட்டது. சவூதி எழுத்தாளர் ஜமால் கஷோக்ஜி 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் தம் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். முஸ்லிம் நாடு செய்தது என்பதற்காக அதைப் பேசாமல் விடுவது நீதி ஆகாது.

மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். நவம்பர் 2 பத்திரிகையாளருக்கு எதிரான குற்றங்களில் தண்டனையின்மையை ஒழிக்கும் நாள். இத்தகைய கொலைகளில் சுமார் 85 சதவீதம் தண்டனையின்றிப் போவதாக யுனெஸ்கோ கூறுகிறது. முதல் கொலைக்குத் தண்டனை இல்லையெனில் அடுத்தவருக்கு மிரட்டல் ஒன்றே போதும்.

நாம் செய்யக்கூடியவை

கேள்விப்பட்டதை விசாரித்து உறுதி செய்யும்படி மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அனுப்புவது பொய்யைப் பரப்புவதோடு, நேரில் போய்ப் பார்த்து எழுதும் நிருபரின் உழைப்பையும் மதிப்பிழக்கச் செய்கிறது.

சிறு பத்திரிகைகளுக்கும் உள்ளூர்ச் செய்தித் தளங்களுக்கும் சந்தா செலுத்துவோம். விளம்பரத்தை மட்டும் நம்பியிருக்கும் பத்திரிகை விளம்பரதாரரைப் பற்றி எழுதாது. நம் ஊர் நிருபர் மிரட்டப்பட்டால் ஜமாஅத்தும் ஊர்ப் பெரியவர்களும் காவல் நிலையம் வரை அவரோடு போகலாம். தனியாக நிற்பவரைத்தான் எளிதாகத் தாக்குகிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐப் பயன்படுத்த நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். 10 ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். இதழியல் படிக்க விரும்பும் பிள்ளைகளைத் தடுக்காமல் அனுப்புவோம்.

நமக்கு இழைக்கப்படும் அநீதியை எழுதும்போது மட்டும் பத்திரிகையாளரைப் பாராட்டி, நம் குறையை எழுதும்போது ஏசுவது சுதந்திரத்தை ஆதரிப்பது ஆகாது. ஜவ்வாது மலையின் கூலித் தொழிலாளி நம் ஊரவர் அல்ல, நம் சமுதாயத்தவரும் அல்ல. அவரது மரணத்தைப் பற்றிய உண்மை வெளிவருவது நமக்கும் பாதுகாப்பு. காப்பன் சிறையில் இருந்தபோது அவருக்காகக் குரல் கொடுத்தவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள்.