மாயக்காட்சிப் போதைப்பொருட்களும் இதயமும்: மல்வேர்னில் சந்திக்கும் இரு ஆபத்துகள்

எல்.எஸ்.டி., போதைக் காளான், எக்ஸ்டசி போன்ற பொருட்கள் மனதை மட்டுமே பாதிக்கின்றன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் இவை இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் மாற்றுகின்றன. சில வகைகள் இதய வால்வுகளையும் இதயத்தின் மின் இயக்கத்தையும் பாதிக்கக் கூடியவை. ஆரோக்கியமான இதயத்துக்குச் சிறு சுமையாக அமைவது, குறையுள்ள இதயத்துக்கு உயிராபத்தாக முடியலாம்.

கனடாவின் டொரொண்டோ மாநகரத் தமிழர்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தி அல்ல. ஸ்காபரோவின் வடகிழக்கில் உள்ள மல்வேர்ன், 1970களில் குடியிருப்புப் பகுதியாக வளர்ந்தது. 1983-ஆம் ஆண்டு வன்முறைகளுக்குப் பின்னர் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு குடியேறின. அக்குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் இன்று ஸ்காபரோவின் பள்ளிகளிலும், சென்டெனியல் கல்லூரியிலும், டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்திலும் பயில்கின்றனர்.

மல்வேர்னில் இத்தகைய போதைப்பொருட்களின் பயன்பாடு பிற இடங்களைவிட அதிகம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டு போக்குகள் இங்கு ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஒன்று, ஒன்டாரியோ மாநிலத்தில் இப்பொருட்களால் மருத்துவமனைக்கு வருவோரின் எண்ணிக்கை உயர்ந்துள்ளமை. மற்றொன்று, தெற்காசிய வம்சாவளியினருக்கு இதய நோய் இளவயதிலேயே தோன்றுகின்றமை.

புள்ளிவிவரங்கள் கூறுவது

மாயக்காட்சி தரும் பொருட்கள் தொடர்பாக ஒன்டாரியோவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முதன்முறையாக வந்தோரின் ஆண்டு விகிதம், 2013-க்கும் 2021-க்கும் இடையே சுமார் 86 சதவீதம் உயர்ந்ததாக 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. 2025-இல் கனடிய மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான மற்றொரு ஆய்வு, ஒன்டாரியோவில் ஒரு கோடிக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. இப்பொருட்களின் காரணமாக மருத்துவமனையில் சிகிச்சை பெற வேண்டியிருந்தவர்கள் அடுத்த 5 ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு, ஒத்த வயதுடைய பொதுமக்களைவிட ஏறத்தாழ 2.6 மடங்கு அதிகம் என அது கண்டறிந்தது.

இந்த எண்ணை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். மருத்துவமனை வரை சென்றவர்களைப் பற்றியது மட்டுமே இவ்வாய்வு. இப்பொருட்களே மரணங்களுக்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. பிற போதைப்பொருட்களால் நேர்ந்த விபத்து மரணங்களும் தற்கொலைகளும் அந்த இறப்புகளில் அடங்கும்.

தெற்காசிய இதயங்களைப் பொறுத்தவரை, கனடாவின் ஹமில்டன் நகரிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு முக்கியமானது. அதன் தரவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான கட்டுரை, தெற்காசிய நாட்டவர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் ஏற்படுவதாகவும், பிற நாட்டவர்களுக்கு அது 59 வயதை ஒட்டி ஏற்படுவதாகவும் தெரிவித்தது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இல்லாத தமிழ்க் குடும்பம் அரிது என்று கூறுமளவுக்கு இந்நோய்கள் பரவியுள்ளன. இலங்கையிலோ இந்தியாவிலோ சிறுவயதைக் கழித்தவர்களில் சிலருக்கு, வாதக் காய்ச்சலால் சேதமடைந்த இதய வால்வு பல ஆண்டுகள் அறிகுறியின்றி இருந்திருக்கவும் கூடும்.

உடலில் நிகழ்வது என்ன?

எல்.எஸ்.டி.யும், காளானில் உள்ள சைலோசைபினும் உடலில் செரட்டோனின் என்ற இரசாயனத்தைப் போலச் செயற்படுகின்றன. மூளையில் மாயக்காட்சிகள் தோன்றுவது இதனால்தான். ஆனால் செரட்டோனினுக்கான ஏற்பிகள் இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் உள்ளன. எனவே இப்பொருட்களை உட்கொண்ட சில மணி நேரத்துக்கு இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் உயர்கின்றன. ஆரோக்கியமான ஒருவருக்கு இந்த உயர்வு பெரும்பாலும் மிதமானது, தானே தணிந்துவிடும்.

எம்.டி.எம்.ஏ. எனப்படும் எக்ஸ்டசியின் நிலை வேறு. வேதியியல் அமைப்பில் அது ஆம்பெட்டமைன் குடும்பத்தைச் சேர்ந்தது. செரட்டோனினோடு நோரட்ரெனலினையும் அது பெருமளவில் வெளியேற்றுவதால், இதயத்தின் மீதான அழுத்தம் கூடுதலாகும். நெரிசலான அரங்கில் மணிக்கணக்கில் நடனமாடும்போது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். தசைகள் சிதைந்து, சிறுநீரகங்கள் செயலிழந்து, இதயத் துடிப்பு சீர்குலையவும் கூடும்.

2014 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் டொரொண்டோவின் டவுன்ஸ்வியூ பூங்காவில் நடைபெற்ற வெல்ட் இசை விழாவில் கலந்துகொண்ட இருவர் உயிரிழந்தனர். அவர்களது வயது 20, 22. மேலும் பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் கேளிக்கைப் போதைமருந்து உட்கொண்டிருந்ததாகக் காவல்துறையினர் அப்போது தெரிவித்தனர்.

வால்வுகளைப் பற்றிய கேள்வி

ஒரு முறை உட்கொள்வதால் நேரும் ஆபத்து ஒரு வகை. திரும்பத் திரும்ப உட்கொள்வதால் நேரக்கூடியது வேறொரு வகை. இதய வால்வுகளில் 5-எச்.டி.2பி என்ற செரட்டோனின் ஏற்பி உள்ளது. அது நீண்ட காலம் தூண்டப்பட்டால் வால்வின் திசு தடித்து, வால்வு சரிவர மூடாமல், இரத்தம் பின்னோக்கிக் கசியத் தொடங்குகிறது.

மருத்துவ உலகம் இதனை மருந்துகளின் மூலம் கற்றுக்கொண்டது. உடல் எடையைக் குறைக்கப் பயன்பட்ட பென்புளூரமைன், வால்வு நோய் காரணமாக 1997-இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்பட்ட பெர்கொலைட் 2007-இல் அமெரிக்காவில் அதே காரணத்துக்காக நிறுத்தப்பட்டது. பெர்கொலைட், தானியங்களில் வளரும் எர்கொட் பூஞ்சையின் வேதிப்பொருட்களோடு உறவுடையது. சுவிட்சர்லாந்தின் சான்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹொப்மன் 1938-இல் முதலில் உருவாக்கிய எல்.எஸ்.டி.யும் அதே குடும்பம்தான்.

எக்ஸ்டசியை நீண்ட காலம் பயன்படுத்திய 29 பேரை பெல்ஜிய மருத்துவர்கள் எக்கோ பரிசோதனைக்கு உட்படுத்தி, அதன் முடிவை 2007-இல் வெளியிட்டனர். அவர்களில் 8 பேரின் வால்வுகளில் குறைபாடு காணப்பட்டது. ஆய்வு சிறியது என்றாலும், கேள்வி முக்கியமானது.

மிகக் குறைந்த அளவில் எல்.எஸ்.டி. அல்லது காளானை வாரத்துக்குச் சில முறை, மாதக்கணக்கில் உட்கொள்ளும் 'நுண்ணளவு' வழக்கம் அண்மை ஆண்டுகளில் பரவியுள்ளது. படிப்பில் கவனம் கூடும், மனச்சோர்வு நீங்கும் என்ற நம்பிக்கையில் இதில் ஈடுபடுவோர், அளவு குறைவு என்பதால் ஆபத்தும் இல்லை எனக் கருதுகின்றனர். இதனால் மனிதர்களின் வால்வுகள் சேதமடைகின்றன என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வால்வு நோயில் தீங்கு செய்வது ஒரு நாளின் அளவைவிட நீண்ட காலத் தொடர்ச்சியே என்பதால், மருத்துவர்கள் இவ்வழக்கத்தைக் கவலையுடன் நோக்குகின்றனர்.

துடிப்பின் மின் ஒழுங்கு

ஆப்பிரிக்கச் செடியொன்றின் வேர்ப்பட்டையிலிருந்து கிடைக்கும் ஐபோகெயின், இப்பொருட்களில் இதயத்துக்கு மிக ஆபத்தானதாகக் கருதப்படுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னர் இதயத் தசை மின்னாற்றலை மீளப்பெறும் நேரத்தை அது நீட்டிக்கிறது. இ.சி.ஜி.யில் இது கியூ.டி. இடைவெளியின் நீட்சியாகத் தெரியும். இந்நிலை திடீரென உயிர்கொல்லும் துடிப்புச் சீர்குலைவாக மாறலாம். 1990-க்கும் 2008-க்கும் இடையே ஐபோகெயினுடன் தொடர்புடைய 19 மரணங்களை ஓர் ஆய்வு தொகுத்தளித்தது. போதை அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை என்ற பெயரில் ஒழுங்குமுறையற்ற நிலையங்களில் இது தரப்பட்டு வந்துள்ளது.

காளானும் முற்றிலும் விலக்கல்ல. போதைக் காளான் உட்கொண்ட 18 வயது இளைஞர் ஒருவருக்கு மாரடைப்பு ஏற்பட்டதைப் போலந்து மருத்துவர்கள் 1998-இல் பதிவு செய்தனர். பிறவியிலேயே இதயத்தில் கூடுதல் மின்பாதை அமைந்துள்ள வுல்ப்-பார்க்கின்சன்-வைட் குறைபாடு அவருக்கு இருந்தது. இத்தகைய நிகழ்வுகள் மிக அரிதானவை. எனினும், தமக்கு இப்படியொரு குறைபாடு இருப்பதை அறியாமலேயே வளரும் இளைஞர்கள் உள்ளனர்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

சட்டவிரோதச் சந்தையில் வாங்குவோருக்கு, தாம் உட்கொள்வது எது என்பது உறுதியாகத் தெரியாது. எல்.எஸ்.டி. என்று விற்கப்பட்ட தாள்களில் என்பாம் வகை இரசாயனங்கள் இருந்தமை பல நாடுகளில் கண்டறியப்பட்டது. மிகச் சிறிய அளவிலேயே இவை இரத்தக் குழாய்களைக் கடுமையாகச் சுருக்குகின்றன; மரணங்களும் நேர்ந்துள்ளன. 2019 அக்டோபரில் தொடங்கப்பட்ட டொரொண்டோவின் போதைப்பொருள் பரிசோதனைச் சேவை, விற்கப்படும் பெயருக்கும் உள்ளிருக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனது முடிவுகளில் வெளியிட்டு வந்துள்ளது.

பிற மருந்துகளுடன் சேரும்போதும் ஆபத்து கூடுகிறது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் டிரமடோல் வலிநிவாரணியும் எக்ஸ்டசியுடன் சேர்ந்தால் செரட்டோனின் நச்சுநிலை உருவாகலாம். தென்னமெரிக்க அயவாஸ்கா பானத்துக்கும் இது பொருந்தும். லித்தியம் உட்கொள்வோருக்கு எல்.எஸ்.டி.யும் காளானும் வலிப்பை ஏற்படுத்தியதாகப் பதிவுகள் உள்ளன. கவனக்குறைபாட்டுக்கான தூண்டு மருந்துகளும், கொக்கெயினும் இதயச் சுமையை மேலும் ஏற்றுகின்றன.

சிகிச்சையிலிருந்து வேறுபடுவது எங்கே?

சைலோசைபின் மனச்சோர்வைத் தணிக்கக்கூடும் என்ற ஆய்வுச் செய்திகள், இப்பொருட்கள் பாதுகாப்பானவை என்ற தோற்றத்தைத் தந்துள்ளன. சிறப்பு அனுமதித் திட்டத்தின் கீழ், தீவிர நோயாளிகளுக்காக இவற்றைக் கோருவதற்கு 2022 ஜனவரி முதல் கனடிய மருத்துவர்களுக்கு வழி செய்யப்பட்டது. ஆனால் மருத்துவ ஆய்வுகளில் சேருவோரின் இரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் முன்கூட்டியே பரிசோதிக்கப்படுகின்றன. கட்டுப்படாத இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. அங்கு கிடைத்த நல்ல முடிவுகள், இந்த வடிகட்டலுக்குப் பின்னர் கிடைத்தவை. அவ்வாறு இருந்தும், எம்.டி.எம்.ஏ. சிகிச்சைக்கான விண்ணப்பத்தை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்தது. அதற்கு முந்தைய பரிசீலனையில் எழுப்பப்பட்ட கேள்விகளில் இதயப் பாதுகாப்பும் ஒன்று.

டொரொண்டோவில் காளான் விற்கும் கடைகள் அண்மை ஆண்டுகளில் வெளிப்படையாகவே திறக்கப்பட்டன. கடை திறந்திருப்பதால் பொருள் சட்டபூர்வமானது என்றாகாது. அங்கு யாரும் வாடிக்கையாளரின் இரத்த அழுத்தத்தைக் கேட்பதுமில்லை. தமிழகத்தின் கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளுக்குப் போதைக் காளான் விற்றவர்கள் கைதாவதும் தொடர்கிறது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடைச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இடம்பெற்றுள்ளது.

மௌனத்தின் விலை

புலம்பெயர் குடும்பங்களில் இரண்டு விதமான மௌனங்கள் உள்ளன. பிள்ளைகள் தமது பழக்கத்தைப் பெற்றோரிடம் கூறுவதில்லை. பெற்றோர் தமது குடும்பத்தின் இதய நோய் வரலாற்றைப் பிள்ளைகளிடம் கூறுவதில்லை. ஊரில் சித்தப்பா 38 வயதில் உறக்கத்திலேயே இறந்தார் என்ற செய்தி, குடும்பத் துயரமாக மட்டுமே நினைவுகூரப்படுகிறது. மருத்துவருக்கோ அது பரம்பரை இதயக் குறைபாட்டுக்கான முதல் தடயமாக இருக்கலாம்.

முழுக் குடும்பத்துக்கும் ஒரே குடும்ப மருத்துவர் இருப்பதும், அவர் தமிழராக இருப்பதும் சில இளைஞர்களைத் தயங்க வைக்கின்றன. ஆனால் ஒன்டாரியோவின் 2004-ஆம் ஆண்டு மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, நோயாளி கூறுவதை அவரது அனுமதியின்றிக் குடும்பத்தாரிடம் மருத்துவர் பொதுவாகத் தெரிவிக்க இயலாது. சிகிச்சைக்குச் சம்மதம் அளிக்க அம்மாநிலத்தில் குறிப்பிட்ட வயது வரம்பு இல்லை. நிலைமையைப் புரிந்து முடிவெடுக்கும் ஆற்றலே அளவுகோல் என்பதால், அத்தகைய ஆற்றல் உள்ள பதின்வயதினருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

அவசர நிலையில் மௌனம் இன்னும் ஆபத்தானது. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல், தாறுமாறான படபடப்பு, கொதிக்கும் உடல் வெப்பம், தசை இறுக்கம், வலிப்பு ஆகியவற்றை 'மனப் பதற்றம், தூங்கினால் சரியாகிவிடும்' என விட்டுவிடக் கூடாது. உடனே 911-ஐ அழைக்க வேண்டும். உட்கொண்டது எது, எப்போது, வேறு என்ன மருந்துகள் எடுக்கிறார் என்பவற்றை மறைக்காமல் கூற வேண்டும். சிகிச்சையின் திசையைத் தீர்மானிப்பவை இத்தகவல்களே.

காவல்துறையினர் வருவார்கள் என்ற அச்சத்தால் நண்பர்கள் அழைக்கத் தயங்குவதுண்டு. அதற்காகவே 2017 மே மாதம் கனடாவில் நல்ல சமாரியர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அளவுமீறிய போதையால் ஒருவர் பாதிக்கப்படும்போது உதவிக்கு அழைப்பவர் மீதும், அவ்விடத்தில் இருப்பவர்கள் மீதும் சொந்தப் பயன்பாட்டுக்காகப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டு சுமத்தப்படாமல் அது பாதுகாக்கிறது. விற்பனை போன்ற பிற குற்றங்களுக்கு அது பொருந்தாது.

இப்பொருட்களைத் தவிர்ப்பதே இதயத்துக்குப் பாதுகாப்பு என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள் அதை மருத்துவரிடம் கூறி, இரத்த அழுத்தத்தை அளந்து, தேவையெனில் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளலாம். நீண்ட காலம் பயன்படுத்தியவர்களுக்கு மருத்துவர் எக்கோ பரிசோதனையைப் பரிந்துரைக்கக்கூடும். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் இதய நோய் வந்தது என்ற விவரத்தைப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால், அந்தப் பரிசோதனைகளின் பயன் இன்னும் கூடும்.