கட்டு வைத்தியர் வீட்டுப் பிள்ளைகள்

வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள ஆங்கிள்சி என்னும் தீவின் கரையில், 1745ஆம் வருஷத்தையொட்டி உடைந்துபோன ஒரு கப்பலிலிருந்து இரண்டு சிறுவர்கள் ஒதுங்கினார்கள் என்றும், அவர்களில் ஒருவன் விரைவிலேயே மாண்டுபோக, வேல்ஸ் மொழியோ ஆங்கிலமோ அறியாத, கறுத்த நிறத்தவனான மற்றவனை உள்ளூர்க் குடும்பம் ஒன்று எடுத்து வளர்த்து ஈவான் தாமஸ் என்று பெயரிட்டது என்றும் அத்தீவினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். அவன் ஸ்பெயின் தேசத்தவனாயிருக்கலாம் என்று வெகுகாலம் பேசினார்கள்; அண்மையில் அவன் வழித்தோன்றல்களின் மரபணுவைச் சோதித்தவர்களோ காகஸஸ் மலைப்பக்கத்தைச் சுட்டுகின்றனர். பிறந்த மண் எதுவாயினும், அந்தப் பிள்ளையின் கையில் ஒரு வித்தை இருந்தது. பிராணிகளின் முறிந்த கால்களைத் தடவிப் பார்த்துப் பொருத்திக் கட்டத் தொடங்கியவன், வயது ஏற ஏற மனிதர்களின் எலும்புகளையும் அவ்வாறே கூட்டலானான். எலும்பு சிகிச்சைச் சாஸ்திரத்தின் வரலாற்றில் பாதி, இந்த ஒரு வீட்டின் வரலாறாகவே முடிந்தது.

நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டு என்ற பெயரைக் கேட்டவுடன், மூங்கில் தப்பையும் பச்சிலையும் துணிச்சுற்றும் மனக்கண்முன் வந்து நிற்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தொழில் செய்தவர்கள் பெரும்பாலும் குடியானவர்களும் கொல்லர்களுமே. தகப்பன் கையைப் பார்த்து மகன் கற்றுக்கொள்வதன்றி, இதற்கென்று ஏடோ பள்ளியோ கிடையாது. 1736இல் எப்ஸம் என்னும் ஊரில் பெரும் பிரசித்தி பெற்றிருந்த ஸாலி மாப் என்ற அம்மையார், தோள் விலகியவர்களின் மூட்டைத் தம் புஜபலத்தாலேயே இருப்பிடத்தில் சேர்த்துவிடுவார் என்பார்கள். அவர் ஊரை விட்டுப் போய்விடக் கூடாதே என்று ஊரார் வருஷந்தோறும் பணம் திரட்டிக் கொடுக்கவும் முன்வந்தனர். பட்டம் பெற்ற வைத்தியர்களுக்கு இது பொறுக்குமா? ஆயினும் அவர்களிலும் நேர்மையாளர் இருந்தனர். லண்டனின் பெரும் ரண வைத்தியர்களில் ஒருவரான ஜேம்ஸ் பாஜெட், நாம் கைவிட்ட நோயாளியைக் கட்டு வைத்தியன் குணப்படுத்துவது எங்ஙனம் என்று 1867இல் ஒரு பிரசங்கமே செய்து, அதைக் கற்றுக்கொள்ளும்படி மாணவர்களுக்கு எடுத்துரைத்தார்.

கட்டு வைத்தியனுக்குப் பெரிய துணை எலும்பேதான். எலும்பை உலர்ந்த கட்டை போன்ற ஒன்றாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அதுவோ ரத்தம் ஓடுகிற, தன்னைத் தானே அரித்தும் கட்டியும் புதுப்பித்துக்கொள்கிற, உயிருள்ள உறுப்பு. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. அதனுள் புதிய திசு முளைத்து, மென்மையான பாலமாகி, சில வாரங்களில் சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகுகிறது. பின்னர் மாதக்கணக்கில் அந்தப் புடைப்பு தேய்ந்து பழைய வடிவத்தை நெருங்குகிறது. முனைகளை நேராக நிறுத்தி அசையாமல் காப்பதே வெளியிலிருந்து மனிதன் செய்யக்கூடியது. அதைச் செய்தவர் படித்தவராயினும் படிக்காதவராயினும் எலும்பு கூடிவிடும். படிக்காதவர் பிசகியது வேறிடத்தில். க்ஷயம் பற்றி வீங்கிய முழங்காலையும் இடுப்புச் சந்தையும் வெறும் பிடிப்பு என்று கருதி அவர்கள் முறுக்கித் திருப்பியபோது, நோய் பரவியதும் குழந்தைகள் முடமானதும் உண்மை. பாஜெட்டும் இந்தத் தீங்கை எடுத்துச் சொல்லவே செய்தார்.

ஆங்கிள்சிச் சிறுவனின் பேரன், அவனும் ஈவான் தாமஸே, லிவர்பூல் துறைமுகத்துக்குக் குடியேறிக் கட்டு வைத்தியம் செய்தார். மூட்டை சுமப்போரும் மாலுமிகளும் கப்பல் தச்சர்களும் அவர் வாசலில் குவிந்தனர். டாக்டர்கள் மேன்மேலும் வழக்குத் தொடர்ந்தனர். வழக்குகளினின்று தப்பினாலும் மனம் நொந்த அம்மனிதர் செய்த காரியம் ஒன்று உண்டு: தம் ஐந்து பிள்ளைகளையும் முறையான வைத்தியப் படிப்புக்கு அனுப்பிவிட்டார். என் அபிப்பிராயத்தில், அவர் கூட்டிய எலும்புகள் அனைத்தையும்விடப் பெரிய காரியம் இதுவே.

ஐவரில் மூத்தவர் ஹியூ ஓவன் தாமஸ். 1834இல் பிறந்து, எடின்பரோவிலும் லண்டனிலும் பயின்று, 1857இல் ரண வைத்தியராகத் தேர்ச்சி பெற்று வந்தவர், தந்தையோடு சேர்ந்து தொழில் செய்ய முயன்று ஒத்துப்போகாமல் பிரிந்து, நெல்சன் தெருவில் தனியே வீடு பிடித்தார். குள்ள உருவம், கழுத்துவரை பொத்தானிட்ட கறுப்புக் கோட்டு, இளமையில் காயம்பட்ட கண்ணை மறைக்கச் சாய்த்து அணிந்த மாலுமித் தொப்பி, உதட்டில் எப்போதும் ஒரு சிகரெட்டு. இவரா டாக்டர் என்று புதிதாய் வந்தவர் திகைத்திருப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம்; அன்று அத்தெரு ஊன்றுகோல்களால் நிறைந்துவிடும். வீட்டிலேயே ஒரு பட்டறை. அதில் இரும்பை வளைக்க ஒரு கொல்லர், தோலைத் தைக்க ஒரு சேணத் தொழிலாளி. மூட்டில் க்ஷயமுள்ளவனுக்கு முறுக்கலாகாது, ஓய்வே மருந்து, அதுவும் கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வு என்பது அவருடைய சித்தாந்தம். குலத்தொழிலின் பெரும் பிழையைத் திருத்தியவர் அக்குலத்துப் பிள்ளையே என்பதைக் காணும்போது எனக்குச் சற்றே சிரிப்பும் வருகிறது.

முழங்கால் க்ஷயத்துக்காக அவர் அமைத்த உபகரணத்தை ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்தால், பட்டறையின் மணம் அதில் வீசுவதாகவே தோன்றும். தோலும் பஞ்சும் பொதிந்த ஓர் இரும்பு வளையம் தொடையின் மேற்புறத்தில் ஏறி, நாம் உட்காரும்போது தரையில் படும் எலும்பின்மேல் அழுந்தி நிற்கும். அதிலிருந்து காலின் இரு பக்கமும் இரண்டு கம்பிகள் ஓடிப் பாதத்துக்கு அப்பால் ஒன்றாய் வளைந்து கூடும். பாதத்தை அந்த வளைவோடு இழுத்துக் கட்டிவிட்டால், மேலே வளையம் உந்த, கீழே கட்டு இழுக்க, கால் முழுதும் நீண்டு அசைவற்றுக் கிடக்கும். 1875இல் வெளியிட்ட நூலில் இவ்வித உபகரணங்களையும் தம் முறைகளையும் அவர் விவரமாய் எழுதினார். லண்டன் பெரியோர் பொருட்படுத்தவில்லை. அதற்கு அவருடைய கூரிய நாக்கும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1891இல் அவர் இறந்தபோது சவ ஊர்வலத்தின் பின் சென்றவர்கள் லிவர்பூல் தொழிலாளிகளே.

அவருடைய மனைவியின் மருமகனான ராபர்ட் ஜோன்ஸ், 1873இல் பதினாறு வயதுப் பையனாக அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். மாமாவின் வித்தையைக் கற்றார். மாமாவின் கோபத்தைக் கற்கவில்லை. மான்செஸ்டரிலிருந்து கடலுக்கு 36 மைல் கால்வாய் வெட்டியபோது, 1888இல் அவ்வேலையின் ரண வைத்தியத் தலைமை அவரிடம் வந்தது. வழிநெடுக மூன்று மருத்துவமனைகளும் முதலுதவி நிலையங்களும் அமைத்து, அடிபட்டவர்களை ரயிலில் ஏற்றிக் கொணர்ந்து, ஆயிரக்கணக்கான முறிவுகளை நெல்சன் தெரு முறையிலேயே கூட்டினார்.

பிறகு 1914 யுத்தம் மூண்டது. தோட்டா பாய்ந்து தொடையெலும்பு முறிந்தால், உடலிலேயே பலம் மிகுந்த தசைகள் சுருங்கி முறிந்த முனைகளை ஒன்றன்மேலொன்று ஏற்றிவிடும். வண்டியின் ஒவ்வொரு குலுக்கலிலும் அம்முனைகள் உள்ளே சதையைக் கிழித்து ரத்தத்தைப் பெருக்கும். நேரான கட்டையைப் பக்கத்தில் வைத்துக் கட்டி அனுப்பியவர்களில் நூற்றுக்கு 80 பேர் மாண்டனர் என்று அக்காலத்தவர் எழுதினர். இது மிகை என்று இன்றைய சரித்திரக்காரர் சிலர் ஐயுறுகின்றனர். ஜோன்ஸ் தம் மாமாவின் இரும்பு வளையத்தைப் போர்முனைக்கு அனுப்பச் செய்தார். இருட்டிலும் மாட்டத் தெரிய வேண்டுமென்று, டோலி தூக்குவோருக்குக் கண்ணைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். காற்சட்டையையும் பூட்ஸையும் கழற்றாமல் அப்படியே மாட்டுவது வழக்கமாயிற்று. 1917இல் அர்ராஸ் சண்டையில் இவ்வாறு காலைக் கட்டிக் கொண்டுவந்தவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 16 பேருக்குள் அடங்கினர்.

ராபர்ட் ஜோன்ஸுக்கு ஸர் பட்டமும், பின்னர் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டமும் கிடைத்தன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வளையம் யுத்தத்துக்காகப் புதிதாய்ச் செய்ததன்று. 1875 நூலைப் புரட்டிய எவரும் அதைக் கண்டிருக்கலாம். கட்டு வைத்தியர் மகன் செய்தது என்பதற்காகவும் நாற்பது வருஷம் அதை லிவர்பூல் தெரு ஒன்றில் கிடக்க விட்டவர்கள், படித்த வைத்தியர்களே.